மலட்டுத் தடம்

இருபத்தாறு வருடம் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவன் என்றாலும், சொந்தப் பயணம் என்றால் நான் கப்பலில்தான் போவேன். கப்பலில் கால் நீட்டி உட்காரலாம். மேல்தட்டில் நின்று புகைக்கலாம். பெல்ட்டைப் போடு, ஜன்னல் மறைப்பைத் திற என்று யாரும் அதிகாரம் செய்யமாட்டார்கள். "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்னமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். இங்கே ரோட்ஸ் தீவுக்கும் நேற்றுக் கப்பலில்தான் வந்தேன். கடல் அமைதியாக இருந்தது.

நீங்கள் என்னைச் சாட்சி சொல்லத்தான் ஏதென்ஸிலிருந்து வரவழைத்திருக்கிறீர்கள், அரசு வக்கீல் மேடம். எங்கள் கம்பெனியின் ரோட்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவ்டோக்ஸியாமீது வழக்குப் போட்டிருக்கிறீர்கள். ஜனவரியில் ஒரு புதன்கிழமை, லெவ்கோனிசித் தீவுக்குப் போகவேண்டிய விமானத்தை அவள் காற்று என்று பொய்க்காரணம் எழுதி ரத்து செய்தாள், அதனால் ஒரு பெண் செத்தாள் என்கிறீர்கள். எவ்டோக்ஸியாவை எனக்கு நன்றாகத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு என்ன வாங்குவது என்று முடிவு செய்யவே அவளுக்கு இரண்டு பேர் துணை வேண்டும். விமானத்தை நிறுத்துகிற துணிச்சல் அவளுக்கு ஏது? செய்யாத காரியத்துக்கு ஒருத்தி தண்டனை அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அப்படி வளர்ந்தவன் இல்லை நான். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஸ்டாமாட்டிஸும் நானும் விமானப்படையில் ஒரே அறையில் கிடந்தவர்கள். அவனுக்கு விமானம் ஓட்டத் தெரியும், எனக்குக் கணக்குப் போடத் தெரியும். படையிலிருந்து வெளியே வந்ததும் அவன் சொந்தத் தீவான லெவ்கோனிசிக்குத் திரும்பி, பத்தொன்பது பேர் உட்காரும் பழைய விசிறி விமானம் ஒன்றைக் கடனுக்கு வாங்கினான். அதைத் தீவுக்கும் ரோட்ஸுக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தான். கம்பெனிக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தான். தீவுக்காரர்கள் 'ஸ்டாமாட்டிஸ் வண்டி' என்றுதான் சொல்வார்கள். நான் ஏதென்ஸில் பெரிய கம்பெனியில் சேர்ந்து, படிப்படியாக வணிகப் பிரிவுக்குத் தலைவனானேன். எந்த ஊருக்கு, எந்த நேரத்தில், என்ன விலையில் பறப்பது என்பதெல்லாம் என் மேஜையில்தான் முடிவாகும்.

அவனுக்குப் பெண் பிறந்தபோது ஞானத்தகப்பனாக என்னைத்தான் கூப்பிட்டான். ஞானஸ்நானத்தன்று பிள்ளையின் உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, ஃபோத்தினி என்று பாதிரியாரிடம் பெயர் சொன்னவன் நான். அன்றிலிருந்து அவன் எனக்குக் கும்பாரோ, நான் அவனுக்குக் கும்பாரோ. நம் ஆட்களுக்கு அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அண்ணனும் தம்பியும் கோர்ட்டுப் படி ஏறுவார்கள், கும்பாரோக்கள் ஏறமாட்டார்கள். நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தானே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடமையில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை. ஈஸ்டர் தவறாமல் மெழுகுவர்த்தியும் புது ஷூவும் போகும். ஜனவரியில், அவள் பெயருக்குரிய பண்டிகை நாளான பெயர்த் திருநாளுக்கு நானே நேரில் போய்விடுவேன்.

பதினேழு வயதில் ஃபோத்தினிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. வாரத்துக்கு மூன்று நாள் ரோட்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். தீவில் அந்த இயந்திரம் கிடையாது. வேறு குடும்பமாக இருந்தால் ரோட்ஸுக்கே குடிபோயிருக்கும். இவள் அப்பாவிடம் விமானம் இருந்ததே. திங்கள், புதன், வெள்ளி காலையில் ஏறுவாள், மாலையில் திரும்புவாள். அவளிடம் அழுகை கிடையாது.

"மாமியார் வீட்டுக்குக் கிளம்பிட்டேன் நோனே" என்பாள் என்னிடம். ஞானத்தகப்பன்தான் நோனோ, அவரை நோனே என்றுதானே கூப்பிடுவார்கள். "நல்ல மாமியார். ரத்தத்த எல்லாம் உறிஞ்சிட்டு, தொவச்சுத் திருப்பிக் குடுத்துடறா. எந்த மாமியார் குடுப்பா, சொல்லு."

நான் சிரிப்பேன். அவள்மேல் எனக்கு நிஜமாகவே பிரியம் உண்டு. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தொழிலுக்கு வருகிறேன். லெவ்கோனிசியின் ஓடுபாதையை நீட்டப்போகிறார்கள், இரண்டு பெரிய ஹோட்டல்கள் வரப்போகின்றன என்று எனக்கு முன்னாடியே தெரிந்துவிட்டது. அங்கே தனியாக நிற்கிறவனுக்கு இனி இருபது வருடம் அறுவடை. நிற்பவன் ஸ்டாமாட்டிஸ். யோசனை என்னுடையது, மேடம். இயக்குநர் குழு தலையை மட்டும் ஆட்டியது. பின்னால் ஸ்டாமாட்டிஸிடம் குழுவின்மேல் பழியைப் போட்டேன் என்பது வேறு விஷயம்.

சின்ன விமானக் கம்பெனி என்பது ஒட்டகம். கோடையில் சுற்றுலாக்காரர்களிடம் சம்பாதித்ததைக் குளிர்காலம் முழுக்க அசைபோட்டுப் பிழைக்கும். ஆகவே அதை அடிக்க வேண்டியது கோடையில். அவன் விமானம் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எங்கள் எழுபது பேர் விமானம் கிளம்பும்படி வைத்தேன். ஒரு காப்பியும் சீஸ் ரொட்டியும் வாங்குகிற விலையில் டிக்கெட் விற்றேன். நஷ்டம்தான். பெரிய கம்பெனிக்கு நஷ்டம் சளிக்காய்ச்சல் மாதிரி, சின்னவனுக்கு நிமோனியா. முதல் கோடையில் தீவுக்காரர்கள் ரோஷமாக அவனோடுதான் பறந்தார்கள். இரண்டாவது கோடையில் அவனுக்கு முடிவெட்டுகிற பார்பரே எங்கள் விமானத்தில் வந்து இறங்கினான்.

"ஸ்டாமாட்டிஸ் நம்ம பையன்தான், அவனுக்காக உயிரக்கூடக் குடுப்பேன்" என்று அவன் காப்பிக் கடையில் சொன்னானாம். "ஆனா காப்பிக் காசுக்கு வானத்துல ஏத்துறான்யா. போகாம இருக்க நான் என்ன மடையனா?"

எனக்கு மனிதர்கள்மேல் கோபம் கிடையாது. உயிரைக் கொடுப்பார்கள், டிக்கெட் காசு மட்டும் கொடுக்கமாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டால் விமானத் தொழிலில் முக்கால் பங்கு தெரிந்த மாதிரி.

மிச்சமிருந்தது குளிர்காலம். யாரும் போகாத தீவுகளுக்குக் குளிர்காலத்தில் பறப்பவனுக்கு அரசு மானியம் தருகிறது. 'மலட்டுத் தடம்' என்று அதற்குப் பெயர். யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவருக்குத் தடம். ஸ்டாமாட்டிஸ் அதை வைத்துத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். விதியில் ஒரு சந்து உண்டு. எனக்கு மானியமே வேண்டாம், சும்மாவே பறக்கிறேன் என்று ஒரு கம்பெனி எழுதிக்கொடுத்துவிட்டால் ஏலமே நடக்காது. நான் எழுதிக்கொடுத்தேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரிதான். எங்கள் பெரிய விமானம் அந்தக் குட்டையான ஓடுபாதையில் பக்கக்காற்றைத் தாங்காது. அவனுடைய சின்ன விமானம் இறங்கும் நாட்களில் பாதி நாள் எங்களுடையது இறங்காது. அரசு அலுவலகத்தில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆட்சேபம் தெரிவிக்க அவனுக்கு அவகாசம் இருந்தது. காற்று விஷயம் ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் எங்கள் மனு குப்பைக்குப் போயிருக்கும். அவனுடைய வக்கீல் தயாராக இருந்தார். அந்த வாரம் ஸ்டாமாட்டிஸ் ஏதென்ஸ் வந்து என்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். வறுத்த கணவாயை இருவரும் தொடவில்லை.

"டேய் பன்டெலி, மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இது உன் வேலையா?"

"குழு முடிவுடா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"வக்கீல் ஆட்சேபம் போடச் சொல்றாரு. கீழ உன் பேரத்தான் எழுதணுமாம், எதிர்த்தரப்புன்னு." அவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மேஜையிலேயே போட்டான். "எம் புள்ளைக்கு எண்ணெ பூசுன கைடா அது. அந்தக் கைக்கு எதிரா நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நாக்கப் புடுங்கிக்கலாம்."

"போடாதடா."

"போடல. ஆனா ஃபோத்தினி?"

"அவ சீட்டு என் பொறுப்பு. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அவளுக்கு ஒரு நாள் தவறாது."

எழுந்து வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். பில்லை அவனே கொடுத்தான். கையில் காசில்லாதவன் அப்படித்தான் முந்திக்கொள்வான்.

இலையுதிர்காலத்தில் அவன் விமானம் நின்றது, கடன் கொடுத்தவர்கள் அதை ரோட்ஸுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்கள். எங்கள் விமானம் வந்தது. இத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை. தீவின் ஓடுபாதை ஓரம் இருக்கும் ஒரே விமானக் கொட்டகை அவனுடையது. பறக்கும் உரிமமும் வசந்தகாலம் வரை உயிரோடு இருந்தது. தீவுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மீனவர் சங்கமும் சர்ச்சும் அந்தப் பார்பரும்கூடச் சேர்ந்து பணம் போட்டு, வசந்தத்தில் ஸ்டாமாட்டிஸ் வண்டியை மீட்டுத் திரும்பக் கிளப்புவதாக ஏற்பாடு. எங்கள் விமானம் காற்றுக்குப் பயந்து பாதி நாள் வராமல் போனதில் அவர்களுக்குப் புத்தி வந்திருந்தது. கொட்டகையையும் உரிமத்தையும் நல்ல விலைக்குக் கேட்டேன். "வேற என்ன வேணாலும் கேளு கும்பாரே" என்றான். நாசூக்காக மறுப்பது அவனுக்கு எப்போதும் வரும்.

அவனை அந்தத் தீவில் கட்டிவைத்திருந்தது எது என்று யோசித்தேன். பெண் அங்கே சௌகரியமாக வாழ முடிகிறது, அதுதான். பெண்ணால் அங்கே வாழ முடியாது என்றாகிவிட்டால் அவன் குடும்பத்தோடு ஏதென்ஸுக்கு வந்துவிடுவான். ஏதென்ஸில் வீடு பிடிக்கப் பணம் வேண்டும். பணத்துக்குக் கொட்டகை இருக்கிறது. அவளுக்கும் ஏதென்ஸ்தான் நல்லது. பெரிய ஆஸ்பத்திரி, மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசை, எல்லாம் அங்கேதான். இதில் யாருக்குக் கெடுதல், சொல்லுங்கள். அவர்கள் ஒருமுறை நன்றாகப் பயப்பட வேண்டும், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஜனவரியில் அவளுடைய பெயர்த் திருநாள் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு திங்கட்கிழமை, தென்காற்று அடித்து விமானம் போகவில்லை. அது உண்மையான காற்று, அதில் என் பங்கு இல்லை. புதன்கிழமை காலையில் காற்று விழுந்துவிட்டது. விமானம் தயாராக நின்றது. குளிர்காலத்தில் தீவுக்குக் கப்பல் வியாழக்கிழமைதான் வரும். தீவிலிருந்து திரும்ப ஏறவேண்டியவர்கள் பதினோரு பேர், அதில் ஒருத்தி ஃபோத்தினி. நான் ஏதென்ஸிலிருந்து எவ்டோக்ஸியாவைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். காரணம் காற்று என்று எழுதச் சொன்னேன். காற்று என்றால் பயணிகளுக்கு நஷ்டஈடு தர வேண்டியதில்லை, அதனால் அவள் ஆச்சரியப்படவில்லை. சின்னக் கூட்டத்துக்குப் பெரிய விமானத்தை அனுப்ப மனமில்லாமல் இப்படி எழுதுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. உங்களிடம் அவள் என் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், வேலையைக் காப்பாற்றித் தருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

அரைமணி நேரத்தில் ஃபோத்தினியே கூப்பிட்டாள்.

"நோனே, என்ன விளையாடறியா? இங்க கொடிகூட ஆடல. வெளில நின்னு தீக்குச்சி பத்த வச்சேன், அணையவே இல்ல."

"ரோட்ஸ் பக்கம் அடிக்குதும்மா."

"மாமியார் கோவிச்சுக்கப் போறா. ரெண்டு தடவ போகலன்னா வீட்ட விட்டுத் தொரத்திடுவா." சிரித்தாள், ஆனால் மூச்சு வாங்கியது. "கால் ரெண்டும் தலகாணி மாதிரி இருக்கு நோனே. ஷூ ஏறல. கொஞ்சம் பயமா இருக்கு. அப்பாகிட்ட சொல்லாத."

பயம் வந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்காதே, பழம் தின்னாதே, படுத்திரு என்று சொன்னேன். டாக்டர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மத்தியானம் ஸ்டாமாட்டிஸ் கூப்பிட்டான். தீவின் டாக்டரம்மா, மருத்துவமனைக்குக் கொண்டுபோக ராணுவ ஹெலிகாப்டரை வரவழைக்கலாம், வானம் தெளிவாக இருக்கிறது என்கிறாளாம்.

இந்த இடத்தை மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். இதை எவ்டோக்ஸியாவால் யோசித்திருக்கவே முடியாது. ஹெலிகாப்டர் வந்து இறங்கினால், அன்றைக்கு லெவ்கோனிசியில் காற்றே இல்லை என்பதற்கு ராணுவமே சாட்சியாகிவிடும். என் ரத்து பொய்யென்று ஊருக்கே தெரியும். தடம் கையைவிட்டுப் போகும்.

"எதுக்குடா புள்ளையப் பயமுறுத்தற?" என்றேன். "ஹெலிகாப்டர்ல ஏத்துனா அவளே செத்துப்போயிட்டோம்னு நெனச்சுக்குவா. நாளைக்குக் காலைல அவளுக்காகவே தனியா ஒரு விமானம் போட்டிருக்கேன். ரோட்ஸ்ல படுக்கையும் சொல்லி வெச்சாச்சு."

"டாக்டரம்மா இன்னிக்கே போகணும்கிறா கும்பாரே."

"டாக்டரம்மா படிப்பு முடிச்சு எத்தன மாசமாச்சு? நான் எண்ணெ பூசுன புள்ளடா அவ. எனக்கு அக்கறை இருக்காதா?"

போனில் அவனுக்குப் பின்னால் அவன் மனைவி ஏதோ சொல்வது கேட்டது. "உன் வார்த்த போதும்டா" என்றான். டாக்டரம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனைப் போல ஒருவனை எங்கே பார்ப்பீர்கள், சொல்லுங்கள். கும்பாரோ வார்த்தை கொடுத்தால் அவனுக்கு வானிலை அறிக்கை தேவையில்லை.

வானிலை அறிக்கை என் மேஜையில் இருந்தது. வியாழனும் வெள்ளியும் புயலுக்கு ஒரு படி கீழே தென்காற்று, கப்பல்களும் ஓடாது என்று அதில் போட்டிருந்தது. அறிக்கைகள் பொய்ப்பது உண்டு. அந்தத் தனி விமானத்தை நான் நிஜமாகவே கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்கலாம் என்றுதான் இருந்தேன்.

இந்தத் தடவை அறிக்கை பொய்க்கவில்லை. வியாழக்கிழமை கடல் துறைமுகச் சுவரைத் தாண்டி வந்தது. ஹெலிகாப்டர் இரண்டுமுறை கிளம்பி இரண்டுமுறையும் பாதியில் திரும்பியது. வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் அவள் இதயம் நின்றுவிட்டது. கடைசிவரை 'நோனோ விமானம் அனுப்பிட்டாரா' என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அவள் அம்மா சொன்னாள். அதைக் கேட்டு நான் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன்.

சனிக்கிழமை காற்று நின்றது. எங்கள் விமானம் போனது. சொந்தபந்தம், பள்ளிக்கூடத்துத் தோழிகள், ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகள் என்று ஒரு சீட்டும் காலியில்லை. நானும் அதில்தான் போனேன், கப்பலுக்குக் காத்திருக்க நேரமில்லை. டிக்கெட்டுக்கு யாரிடமும் பணம் வாங்க வேண்டாம் என்று நானே சொன்னேன். பத்திரிகையில்கூட எழுதினார்கள்.

கல்யாணமாகாத பெண் செத்தால் மணப்பெண்ணாகத்தான் அடக்கம் செய்வார்கள், உங்களுக்குத் தெரியும். வெள்ளைக் கவுனில் கிடத்தியிருந்தார்கள். கால் வீக்கம் வடியவில்லை, வெள்ளைச் செருப்பைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கல்யாணம் நடந்திருந்தால் மணமுடியைத் தலையில் வைக்கிற உரிமை ஞானத்தகப்பனுக்கு. ஸ்டாமாட்டிஸ் எலுமிச்சைப்பூ முடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்தான்.

"நீதான் வெக்கணும் கும்பாரே. வேற யார் கையும் அவமேல படக்கூடாது."

வைத்தேன். கோணலாக இருந்ததைச் சரிசெய்துகூட வைத்தேன். அவன் குனிந்து என் கையை முத்தமிட்டான். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவன் கொட்டகைச் சாவியையும் உரிமத்தையும் என் கையில் கொடுத்தான். விலை பேசவில்லை. "பணம் வேணாம்டா. இனிமே இந்த ஊர்ல எந்தப் புள்ளையும் விமானம் வராம சாகக் கூடாது. அத மட்டும் பாத்துக்க" என்றான். இப்போது தன் மனைவியோடு ஏதென்ஸில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சாப்பிட வருவார்கள்.

ஆகவே எவ்டோக்ஸியாவை விட்டுவிடுங்கள், மேடம். விமானத்தை நிறுத்தியது நான். ஹெலிகாப்டரை நிறுத்தியதும் நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். என் திட்டம் தோற்றதாகப் பத்திரிகைகள் எழுதக்கூடும், அது சரியல்ல. தடம் வந்தது, கொட்டகை வந்தது, குடும்பம் ஏதென்ஸுக்கு வந்தது, நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. பிள்ளைதான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.